பம்பும் பம்பையும்

மஞ்சு,

மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன் என்று நினைத்து இந்த உறையைப் பிரித்திருந்தால், மறுபடி ஒட்டி வைத்துவிடு. நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. பட்டுக்கடையில், அத்தனை ஜனம் பார்க்க, உனக்கு நிச்சயம் செய்திருக்கிற பிரபுவைக் கன்னத்தில் அறைந்தேன். அவன் மூக்குக் கண்ணாடி தெறித்து, விரித்துப் போட்டிருந்த முகூர்த்தப் புடவைகள் மேல் விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. எல்லாம் உண்மை. ஒரு அறை அல்ல, இரண்டு. இரண்டையும் நீ பார்க்கவில்லை, அப்போது நீ உன் நினைவில் இல்லை. கண் தெளிந்ததும் நீ பார்த்தது அவன் ரத்தத்தையும் என் கையையும்தான். "நீ மனுஷியே இல்லம்மா" என்று சொல்லிவிட்டுத் தாம்பரத்துக்குப் பஸ் ஏறிவிட்டாய். போனை எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் என்னைப் பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை உன்னால் பிளாக் செய்ய முடியாது, அதனால் ஹாஸ்டல் விலாசத்துக்கு எழுதுகிறேன். கல்யாணம் நடக்குமா நிற்குமா என்று தெருவில் கேட்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. நீ போகிற வீட்டில் ஒரு நாள் உனக்குச் சர்க்கரை இறங்கினால் உன்னைப் பிழைக்க வைக்கப் போவது யார்? அந்தக் கேள்விக்குத்தான் அவன் அறை வாங்கினான்.

உனக்குத் தெரியும், எனக்குக் கை முந்தும், வாய் பிந்தும். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். எனக்கு அண்ணனும் இல்லை தம்பியும் இல்லை, அடியை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளினேன். ஃபால்ஸ் தைத்த புடவைகளைக் கொடுக்கப் போன இடத்தில் கையைப் பிடித்த ஒருவனைத் துணி வெட்டுகிற கத்தரியோடு தெருமுனை வரைக்கும் துரத்தியிருக்கிறேன். உனக்கு இந்தச் சர்க்கரை நோய் என்று தெரிந்த புதிதில், "பொட்டப் புள்ளைக்கு இந்த நோவு வந்தா எவன் கட்டுவான்?" என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியின் கொண்டை என் கையோடு வந்தது. உன் அப்பா இதற்கு நேர் எதிர். தறியில் பாவு இழை அறுந்தால்கூட வைய மாட்டார், எடுத்து முடிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார். நீ அவர் பெண். பள்ளிக்கூடத்தில் உன் டிபன் டப்பாவைப் பிடுங்கித் தின்றவளுக்கு மறுநாள் தண்ணீர் பாட்டிலையும் கொடுத்துவிட்டு வந்தவள். ஆனால் சர்க்கரை இறங்கினால் மட்டும் நீ என் பெண் ஆகிவிடுவாய். கை ஓங்கும், கால் உதைக்கும், பல் கடிக்கும். மூளைக்குச் சர்க்கரை போகாதபோது மனுஷருக்கு மனுஷர் தெரியாது என்று டாக்டரம்மா சொன்னார். எழுந்த பிறகு உனக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. அதனால் உன் கதையில் பாதி எங்களிடம்தான் இருக்கிறது, அதில் கொஞ்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நீ மூன்றாம் வகுப்பு படித்தாய். ஒரு காலையில் தலை பின்ன உட்காரவைத்தேன். சீப்பைப் பிடுங்கி என் நெற்றியில் குத்தினாய். ரத்தம் புருவத்தில் வழிந்தது. நானும் கையை ஓங்கிவிட்டேன். உன் அப்பா வந்து என் கையைப் பிடித்தார். "அவ இல்லடி இது. வேர்த்துக் கொட்டிக்கினு இருக்குது பாரு" என்றார். உன்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துச் சர்க்கரைத் தண்ணீர் டம்ளரை வாயில் வைத்தார். நீ அவர் இடது முழங்கைக்குக் கீழே கவ்விக்கொண்டாய். நான் உன் தாடையைப் பிரிக்கப் போனேன். "வுடு, கடிக்கட்டும். கடிச்சாதான் வாய் தெறக்குது" என்று சொல்லி, கடிவாயின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். டம்ளர் காலியாகிற வரைக்கும் கையை இழுக்கவே இல்லை. அப்புறம் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு தறிக்குப் போனார். நூல் நாடாவை இடமும் வலமும் எறிய எறியக் கை வீங்கிவிட்டது. "இன்னாபா, நாய் கடிச்சிதா?" என்று கூட இருந்தவர்கள் கேட்டார்களாம். "எம் பொண்ணு கடிச்சிது. பல்லு எவ்ளோ வரிசையா இருக்குது பாரு" என்று கட்டை அவிழ்த்துக் காட்டினாராம். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, உனக்கும் தெரியும். அது எப்படி வந்தது என்று மட்டும் உனக்கு அவர் சொன்னதில்லை.

இன்சுலின் பம்ப் வந்தது நீ பிளஸ் டூ முடித்த பிறகு. அதுவரைக்கும் ஊசி, மறுபடியும் ஊசி. தொடையும் வயிறும் கட்டிக் கட்டியாகக் கல்லாகிப் போயிருந்தன. அப்புறம் இந்தச் சின்னப் பெட்டி வந்தது. அதிலிருந்து ஒரு குழாய், வயிற்றில் குத்தி ஒட்டுகிற முனை, மூன்று நாளுக்கு ஒரு தடவை இடம் மாற்றிக் குத்த வேண்டும். சும்மா இருந்தாலும் மருந்து துளித்துளியாகப் போகும், சாப்பிடுகிறபோது சாப்பாட்டுக்குத் தக்கபடி நீ பட்டனை அழுத்த வேண்டும். கையில் ஒட்டின வட்டம் சர்க்கரையை அளந்துகொண்டே இருக்கும், இறங்கினால் சத்தம் போடும். உன் அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாடாவுல நூல் தாரு தீந்தா மாத்துற மாதிரிதான்" என்று சொல்லி முடித்துவிட்டார். அவ்வளவு சுலபமாகவா இருந்தது? குழாய் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிப் பிய்ந்து வயிறெல்லாம் ரத்தமானபோதுதான் நீ முதல் கெட்ட வார்த்தை பேசினாய். கோயில் வாசலில் "செல்போன் உள்ள கூடாதுமா" என்று ஒரு காவலாள் உன் இடுப்பிலிருந்து அதை இழுத்தான், அவன் தொப்பி குளத்துப் பக்கம் போய் விழுந்தது. உன் பாவாடை, சுடிதார் எல்லாவற்றிலும் நான் பை வைத்துத் தைத்தேன். என் அக்கா, உன் பெரியம்மா, அதை முதன்முதலில் பார்த்தபோது கேட்டாளே, "இன்னாடி அது இடுப்புல?" என்று. "பம்ப், பெரிம்மா" என்றாய். "பம்பையா? இம்மாஞ் சின்னதா? அடிச்சா சத்தம் வருமா?" அவளுக்குத் தெரிந்தது அம்மன் கோயிலில் சாமியை அழைக்க அடிக்கிற பம்பை மேளம் ஒன்றுதான். நீயும் நானும் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தோம்.

சிரித்ததற்கு அந்த ஆடியிலேயே அனுபவித்தோம். தெரு அம்மனுக்குக் கூழ் வார்த்த அன்று நீ பால்குடம் எடுத்தாய். காலையில் இட்லியைத் தட்டில் வைத்ததும் பட்டனை அழுத்திவிட்டாய். கையை வைப்பதற்குள் பெரியம்மா வந்தாள். "பால்குடம் எடுக்குற பொண்ணு எச்சி பண்ணலாமா? ஊத்திட்டு வந்து துன்னு" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பெரியவள் சொல்லை மீறத் தெரியாமல் நீயும் கிளம்பிவிட்டாய். நான் கோயில் பக்கம் அடுப்பு மூட்டிக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தேன், எனக்கு எதுவும் தெரியாது. மருந்து உள்ளே போய்விட்டது, இட்லி போகவில்லை. அந்த வெயிலில், வெறுங்காலில், தலையில் குடத்தோடு தெருவெல்லாம் சுற்றி வந்தாய். வட்டம் கத்தத்தான் கத்தியிருக்கும். பம்பைச் சத்தத்தில் யார் காதில் விழும்?

கோயில் வாசலுக்கு வந்ததும் குடத்தைத் தூக்கி எறிந்தாய். அது பூசாரி காலில் விழுந்து நகம் பெயர்ந்தது. முன்னால் நின்றவளை அறைந்தாய். கண் செருகி, உடம்பு நடுங்கி, வேர்வையில் புடவை ஒட்டிக்கொண்டது. "ஆத்தா எறங்கிட்டா!" என்று பெரியம்மா கூவினாள். குலவை போட்டார்கள், பம்பைக்காரர்கள் உன்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருத்தி உன் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்தாள், இன்னொருத்தி வேப்பிலைக் கொத்தால் முகத்திலும் முதுகிலும் அடித்தாள். நான் கூழ்த் துடுப்போடு ஓடி வந்தேன். "பம்ப நிறுத்துங்க! ஐயோ, பம்ப நிறுத்துங்கடி!" என்று கத்தினேன். நான் சொன்னது உன் இடுப்பில் இருந்ததை. முதலில் மருந்தை நிறுத்து, உடனே சர்க்கரை கொடு என்பதுதான் நமக்குச் சொல்லித் தந்த பாடம். அவர்களுக்குக் கேட்டது மேளம். "ஆத்தா எறங்குறப்ப பம்பைய நிறுத்தினா உசுருக்கு ஆவாது! இன்னும் ஜோரா அடிங்கப்பா!" என்றாள் பெரியம்மா. நான் கத்தக் கத்த அவர்கள் வேகமாக அடித்தார்கள். ஒரே ஒரு எழுத்து, மஞ்சு. அதில் நீ செத்திருப்பாய்.

அப்புறம் நான் பேசவில்லை, அடித்தேன். துடுப்பு பட்டு ஒருத்தியின் மூக்கு உடைந்தது. உன் கூந்தலைப் பிடித்திருந்தவளின் கையை நகத்தால் கிழித்தேன். அந்தத் தள்ளுமுள்ளில் யார் விரலோ உன் குழாயில் மாட்டி, முனை பிய்ந்து வந்துவிட்டது. மஞ்சள் புடவையில் ரத்தம் பரவியது. நாலு பெண்கள் என்னைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தினார்கள். காலை நொண்டிக்கொண்டே பூசாரி எரிகிற கற்பூரத் தட்டோடு உன்னிடம் வந்தார். "மெய்யான ஆத்தாவா, காத்து கருப்பான்னு தெரியணும். நாக்க நீட்டும்மா" என்றார். உனக்கு நாக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பெரியம்மா உன் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தாள். அந்த நெருப்பு உன் வாய்க்குப் பக்கத்தில் வந்ததை நான் பார்த்தேன். அடித்துப் பார்த்துவிட்டேன், கிழித்தும் பார்த்துவிட்டேன். அடி உதவாத இடம் ஒன்று உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதனால் ஆடினேன்.

கொண்டையை உதறினேன், நாக்கைத் துருத்தினேன், தொண்டை கிழிகிற மாதிரி ஒரு சத்தம் போட்டேன். "டேய்! எம் புள்ள வாயில நெருப்பா வைக்கிற? பானகம் கொண்டாடா! இல்லன்னா இந்தத் தெருவையே எரிச்சிடுவேன்!" பிடித்திருந்த கையெல்லாம் பட்டென்று விலகியது. பிடித்தவர்களே காலில் விழுந்தார்கள். சாமிக்கு வெல்லமும் சுக்கும் கரைத்து வைத்திருந்த பானகம் சொம்போடு வந்தது. "நானே ஊட்டுவேன்! ஒருத்தியும் கிட்ட வராத!" என்றேன். முதல் சொம்பைத் தட்டிவிட்டாய். இரண்டாவதில் என் விரலைக் கடித்தாய், கடித்த வாயில் ஊற்றினேன், விழுங்கினாய். "இன்னும் கொண்டா!" என்றேன். உன் கண் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்து, "அம்மா, ஏன் தலைய விரிச்சிப் போட்டுக்கினு இருக்குற?" என்று கேட்டாயே, அப்போது நான் மெய்யாகவே ஆடினேன். கிடைத்த சமயத்தை விடுவேனா? காலையில் ஏன் சாப்பிடவில்லை என்று உன் காதோடு கேட்டுக்கொண்டு, சாமியாக இருக்கும்போதே பெரியம்மாவுக்கு ரெண்டு அறை வைத்தேன், இட்லித் தட்டைத் தூக்கிக்கொண்டு போனதற்கு. அதை அவள் இன்றைக்கும் பிரசாதம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

மறுநாளிலிருந்து எலுமிச்சம் பழத்தோடு குறி கேட்க ஆட்கள் வந்தார்கள். கத்தரியைக் காட்டித் துரத்தினேன். நீயும் வீட்டுக்குள்ளிருந்து சிரித்தாய். ஆனால் தெருவில் ஏதோ ஒன்று மாறியிருந்தது. முன்னே உன்னைப் பார்த்து, "பாவம், சக்கரைப் பொண்ணு" என்று உச்சுக் கொட்டியவர்கள் இப்போது ஒதுங்கி வழி விட்டார்கள். உன் இடுப்புப் பெட்டியைப் பார்த்து முகம் சுளித்தவள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு நாள் நான் சட்டைக்குப் பட்டன் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது நீ கேட்டாய். "நோவுன்னா பாவம்ங்கிறாங்க. சாமின்னா கால்ல வுழறாங்க. எதும்மா நல்லாருக்குது?" எதையும் அடித்துத் தீர்த்துவிடுகிற எனக்கு அதை எங்கே அடிப்பது என்று தெரியவில்லை.

அந்த ஆடிக்குப் பக்கத்து ஊர் முசரவாக்கத்திலிருந்து வந்து கும்பலில் நின்றவர்தான் பிரபுவின் அம்மா. தாயும் பெண்ணும் ஆடியதைப் பார்த்தவர், மகனுக்கு வயசு வந்ததும் நம் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். முதல் நாளே நான் சொன்னேன், பெண்ணுக்கு டைப் ஒன் சர்க்கரை, உடம்பு இன்சுலினே சுரக்காது, பம்பில் போகிற அந்த மருந்து இல்லாமல் ஒரு நாள் தள்ள முடியாது என்று. "ஆத்தா குந்தியிருக்குற ஒடம்புல நோவு எப்படிமா தங்கும்?" என்று சிரித்தார். மேலே பேசப் போன என் காலை நீ உன் காலால் மிதித்தாய். "இருக்கட்டும்மா" என்றாய். உனக்குப் பிரபுவைப் பிடித்திருந்தது, எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. பிரபுவைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒரகடத்துக் கம்பெனியில் மெஷினோடு பழகுகிறவன், பம்பைப் பற்றி என்னைவிட நல்ல கேள்விகள் கேட்டான். அதிலிருந்து அவன் பையில் எப்போதும் ஒரு ஜூஸ் டப்பா இருந்தது. நான் நம்பினேன், மஞ்சு. நான் ஒருத்தரை நம்புவது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும்.

கடையில் நடந்ததைச் சொல்கிறேன், நீ அங்கே இருந்தும் இல்லாதவள். புடவை மேல் புடவை விரித்தார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. வட்டம் சத்தம் போட்டது, நீ மாமியார் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அதை அடக்கினாய். மறுபடி போட்டது, மறுபடி அடக்கினாய். நான் எதிர் வரிசையில் ஜாக்கெட் துணி பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினபோது நீ விற்பனைப் பையனின் சட்டையைப் பிடித்திருந்தாய். அரக்குப் புடவையின் முந்தானையை இரண்டு கையாலும் இழுத்தாய், தடுத்த மாமியாரை "போடி" என்று நெஞ்சில் தள்ளினாய். அவர் விழுந்து எழுந்து, "ஆத்தா வந்துட்டா! கற்பூரம் இருக்குதாப்பா?" என்று கை கூப்பினார். பிரபு பையிலிருந்து ஜூஸை எடுத்துவிட்டான். நான் பார்த்தேன், எடுத்துவிட்டான். உறிஞ்சு குழலைக்கூடக் குத்திவிட்டான். அப்புறம் அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். ஜூஸைக் கீழே வைத்தான். கும்பிட்டான்.

தெரியாதவன் கும்பிட்டிருந்தால் பாவம் என்று விட்டிருப்பேன். இவனுக்கு எல்லாம் தெரியும். நீ செத்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்தே கும்பிட்டான். அதனால்தான் அறைந்தேன். அப்புறம் கீழே இருந்த அதே ஜூஸை எடுத்து உன் வாயில் வைத்தேன். அன்றைக்கு நீ கேட்ட கேள்விக்கு அந்தக் கடையில்தான் எனக்குப் பதில் கிடைத்தது. பாவம் என்கிறவள் உச்சுக் கொட்டிக்கொண்டாவது ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பாள். கும்பிடுகிறவர்களுக்கு இரண்டு கையும் ஒட்டிக்கொண்டிருக்கும். டம்ளர் பிடிக்க ஒரு கை வேண்டும், மஞ்சு. காலில் விழுகிறவர்கள் நடுவில் வாழ்ந்துவிடலாம் என்று நினைக்காதே. அங்கே செத்துப் போவதுதான் சுலபம்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். நேற்று மதியம் பிரபு வந்தான். உதட்டில் பிளாஸ்திரி, கண்ணாடிக் கம்பியில் டேப். நான் உட்காரச் சொல்லவில்லை. "அடிக்கணும்னா அடிங்க அத்தை. ஆனா சொல்லிக் குடுத்துட்டு அடிங்க" என்றான். "உனக்குத்தான் எல்லாம் தெரியுமேடா?" என்றேன். "தெரியும் அத்தை. அம்மா எதிர்ல கை தானா சேந்துக்கிது." எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. "அப்ப உனக்குத் தெரியுது, உன் கைக்குத் தெரியல. கைக்குத்தான் சொல்லிக் குடுக்கணும்" என்றேன். ஜூஸ் டப்பாவை அவன் கையில் கொடுத்துக் கொண்டையை அவிழ்த்தேன். "இப்ப நான் மஞ்சு. எனக்குச் சக்கரை எறங்கிடுச்சு. குடிக்க வை பாக்கலாம்."

"மஞ்சு, கொஞ்சம் குடிமா, ப்ளீஸ்மா" என்று எதிரில் நின்று கெஞ்சினான். தட்டிவிட்டேன், ஜூஸ் போய்த் தைத்து வைத்த ஜாக்கெட்டுகள் மேல் கொட்டியது. "எனக்குக் காதே கேக்கலடா, யார்கிட்ட கெஞ்சற?" என்று ஒரு அறை விட்டேன். சாப்பாட்டுக்கு வந்திருந்த உன் அப்பா சோற்றைப் பிசைந்தபடியே, "எதிர்ல நிக்காதப்பா, பின்னாடி வா" என்றார். பின்னால் வந்தான், முழங்கையால் விலாவில் குத்தினேன், மடிந்து உட்கார்ந்தான். எழுந்து மறுபடி வந்தான். இந்தத் தடவை இடது கையால் என் தோளை வளைத்துப் பிடித்து, வலது கையால் குழலை வாய்க்குக் கொண்டுவந்தான். நான் அந்த இடது மணிக்கட்டைக் கடித்தேன். "அத்தை!" என்று அலறினான். அந்த அலறலைக் கேட்டு, வாசலில் ஆட்டோவில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா உள்ளே ஓடி வந்தார். அவர் வந்திருப்பதே எனக்குத் தெரியாது.

தலைவிரி கோலமாக நான் அவர் மகனின் கையைக் கவ்விக்கொண்டிருக்கிறேன். வேறென்ன நினைப்பார்? "ஐயோ தாயே! டேய் பிரபு, ஆத்தாடா! கைய எடுடா! கும்பிடுடா, குடும்பத்துக்கு ஆவாதுடா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். இதுதான் சமயம் என்று எனக்குப் புரிந்தது. வாயை எடுக்கவில்லை. விளையாட்டுக்குக் கடித்ததை நிஜமாகவே கடித்தேன், ரத்தத்தின் உப்பு நாக்கில் படுகிற வரைக்கும் கடித்தேன். உன் அப்பா சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டார். பிரபுவின் வலது கை அவன் நெஞ்சுப் பக்கம் போனதைப் பார்த்தேன், என் உயிரே போய்விட்டது. பிறகு அது திரும்பி வந்தது. "சாமி இல்லம்மா, சக்கரை! சக்கரை எறங்கிடுச்சு!" என்று அம்மாவைப் பார்த்துக் கத்திக்கொண்டே குழலை என் வாயோரத்தில் திணித்து டப்பாவை நசுக்கினான். "குடி! குடிடீ!" என்றான். மாமியாரை அப்படிச் சொன்ன முதல் மாப்பிள்ளை இவனாகத்தான் இருப்பான். நான் சொட்டு விடாமல் குடித்தேன்.

எல்லாம் அடங்கிய பிறகு அவன் அம்மா தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப, அன்னிக்கு ஆடில ஆடுனது?" என்று கேட்டார். "அதுவும் நான்தாங்க" என்றேன். "ஆத்தா இல்லியா?" "புள்ள உசுருக்கு ஆடுனேன். அதுல ஆத்தா இருந்தாளா இல்லியான்னு எனக்குத் தெரியாதுங்க. எம் பொண்ணு ஒடம்புல இருக்குறது சக்கரை நோவு. அது மட்டும் எனக்குத் தெரியும்." அவர் மகனின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "கடைல நான் கற்பூரம் கேட்டனே. காட்டிக்கினே நின்னிருந்தா?" என்று கேட்டார். "செத்திருப்பா" என்றேன். முந்தானையால் மகன் கை ரத்தத்தைத் துடைத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிப் போனார். இன்னும் சொல்லவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நான் போய்க் காலில் விழ மாட்டேன், உன்னையும் விழ விட மாட்டேன்.

அவர் சரி என்று சொன்னால், நீ உன் வாயால் இன்னொரு தடவை அவரிடம் சொல். என் காலை மிதித்த மாதிரி உன் நாக்கை நீயே மிதித்துக்கொள்ளாதே. முகூர்த்தப் பாவாடையில் பம்புக்குப் பை தைத்துவிட்டேன், உள்ளே ஒளித்து அல்ல, கொசுவத்துக்குப் பக்கத்தில், யார் கை விட்டாலும் எடுக்கிற மாதிரி. யாராவது என்ன அது என்று கேட்டால் சத்தமாகப் பம்ப் என்று சொல், பெரியம்மாவுக்கு மட்டும் இரண்டு தடவை சொல். இலையில் சோறு விழுந்து, அதை நீ பிசைந்த பிறகு பட்டனை அழுத்து, பந்திக்குக் கூப்பிட்டதுமே அழுத்தாதே. யாராவது இலையைத் தூக்கினால் அவர்கள் கையைக் கடி, நான் சொன்னேன் என்று சொல். சத்தம் போடுகிற வட்டத்தை இன்னொரு தடவை அடக்கினாயானால், கல்யாணப் பெண் என்றுகூடப் பார்க்க மாட்டேன். நீ மயங்கி விழுந்து விழுங்க முடியாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, சர்க்கரையை ஏற்றுகிற அவசர ஊசியைத்தான் போட வேண்டும் என்பதையும் பிரபுவுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டேன். தலையணையில் குத்திப் பழகினான், தலையணை போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்கத் தாம்பரம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்பதை அவனைப் பார்த்துவிட்டு நீயே முடிவு செய். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வருவான், கேட்டால் ஒன்றுமில்லை என்பான், அவனுக்கு வெட்கம். நீ இடது கைப் பட்டனைக் கழற்றிப் பார். உன் அப்பா கையில் இருப்பது போலவே இருக்கும், பல் வரிசை மட்டும் கொஞ்சம் கோணல், அது என்னுடையது. வலது கையை உனக்காக விட்டுவைத்திருக்கிறேன்.

அம்மா